தேவிப்ரியா வாசித்துக் காட்டிய பதிவு

பரமசிவம் வீட்டுக்கு யார் வந்தாலும் காபி வருவதற்குள் அந்தப் பேச்சு வந்துவிடும்.

"தேவி ஹிஸ்டரி படிக்கா. ஐ.ஏ.எஸ்.க்கு அதுதான் நல்லதுன்னு சொல்லுதாங்க."

வந்தவர் தலையை ஆட்டுவார். உள்ளே புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் தேவிப்ரியாவின் காது சூடாகும். அவள் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து என்ஜினீயரிங் நுழைவுத் தேர்வில் சறுக்கியபோது, வீட்டில் எல்லோரும் வாயடைத்துப் போயிருந்த ஒரு காலையில், "நான் ஹிஸ்டரி படிக்கேம்ப்பா" என்று மட்டும் சொன்னாள். பரமசிவம் வெகுநேரம் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதுவும் சரிதான். கலெக்டர் ஆனவங்க நிறையப் பேரு ஹிஸ்டரிதான்" என்றார். இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம்தான் கிடைத்தது. அந்த நிமிடம் போய்விட்டது. அப்பா முகத்தில் அன்று திரும்பிய வெளிச்சத்தை அணைக்க மனம் வரவில்லை.

அப்படி ஆரம்பித்ததுதான். சொல்லாத பொய் ஒன்றுக்குள் அவள் குடியேறிவிட்டாள்.

லேக் கார்டன்ஸில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்தளத்தில் அவர்கள் வீடு. பரமசிவம் பாளையங்கோட்டையிலிருந்து வங்காளத்துக்கு வங்கி வேலைக்கு வந்தவர். கல்யாணமாகி ராஜத்தை அழைத்து வந்தார்; பிள்ளைகள் இரண்டும் இங்கேயே பிறந்தன. மூத்தவன் முத்துக்குமார் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். இளையவள் தேவி. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் பெங்காலி. பள்ளியில் இரண்டாம் மொழியும் பெங்காலிதான் என்பதால் தேவிக்கு அது தண்ணீர் மாதிரி. தமிழ் பேசுவாள், எழுதச் சொன்னால் எழுத்துக்கூட்டித் திணறுவாள். பரமசிவத்துக்கு நேர் எதிர். கவுண்டரில் வாடிக்கையாளரிடம் பேசுகிற பெங்காலி, மீன்கடைக்காரனிடம் வழி கேட்கிற பெங்காலி எல்லாம் வரும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. "தலைக்கு மேல கோடு போட்டுத் துணி காயப்போட்ட மாதிரி இருக்கு. நமக்கு எதுக்கு?" என்பார்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் தேவிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அறிவியல் வகுப்பில் விடை ஒன்றுதான் இருக்கும். அது உனக்குத் தெரியும் அல்லது தெரியாது. இங்கே ஆசிரியை ஒருநாள் பழைய செய்தித்தாள் ஒன்றின் விளம்பரப் பக்கத்தை எல்லோரிடமும் கொடுத்தார். வீட்டு வேலைக்கு ஆள் தேவை, காணாமல் போன குடை, வாடகைக்கு அறை. "இதை யார் எழுதினார்கள், யாருக்காக, எதைச் சொல்லாமல் விட்டார்கள்?" என்று கேட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். வகுப்பு முழுவதும் அதே கேள்வி. விடை சொல்லாமலே மணியடித்தது. தேவிக்கு முதலில் எரிச்சல்தான். வீடு திரும்பும் ஷேர் ஆட்டோவில் கண்ணில் பட்ட ஒவ்வொரு சுவரொட்டியையும் அதே கேள்வியோடு பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு உலகம். பாலிகஞ்சில் ஒரு பயிற்சி மையத்தில் பரமசிவம் அவளைச் சேர்த்திருந்தார். அங்கேயும் வரலாறுதான். ஆனால் அந்த வரலாற்றில் புரட்சிக்குக் காரணங்கள் வரிசையாக நின்றன. பஞ்சத்துக்கும் காரணங்கள் வரிசையாக நின்றன. "பஞ்சத்தில் செத்துப்போனவங்களைப் பத்தி ஏதாவது?" என்று ஒருமுறை கேட்டாள். "அது தேர்வுக்கு வராது" என்றார் அங்கிருந்தவர். அவர் கெட்டவர் இல்லை. உண்மையைத்தான் சொன்னார். தேவி பேனாவை மூடி வைத்தாள். அடுத்த ஞாயிறு அந்தப் படியை மிதிக்கவே கால் வரவில்லை. பாலிகஞ்ச் ரயில் நிலையத்துக்குள் நுழைந்து நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தாள். வகுப்பு முடிகிற நேரத்துக்கு எழுந்து வீட்டுக்குப் போனாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் பரமசிவம்.

"நல்லா இருந்துச்சுப்பா."

முதல் பொய்யை அவள் சொல்லவில்லை, இதைச் சொன்னாள்.

ஒவ்வொரு ஞாயிறும் நடைமேடையில் உட்கார்ந்து என்ன செய்வது? கல்லூரித் தோழி ஸ்னேகாவிடம் இதைப் பற்றிப் புலம்பினாள். ஜாதவ்பூர்க்காரி, எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். "நீ உட்காருகிற அதே ஸ்டேஷனைப் பற்றி ஒருத்தர் எழுதியிருக்கார், படி" என்று ஒரு வலைப்பதிவின் முகவரியை அனுப்பினாள். பல வருடங்களுக்கு முன்பு யாரோ பெங்காலியில் எழுதி, பாதியில் விட்டுவிட்டுப் போன பதிவு. பெயர் இல்லை, படம் இல்லை. மழையில் நின்றுபோன லோக்கல் ரயில், கூடையோடு ஏறுகிற காய்கறிக்காரப் பெண்கள், அலுவலகம் போகப் பிடிக்காமல் இரண்டு வண்டிகளை வேண்டுமென்றே விட்டுவிட்ட ஒரு காலை. இவ்வளவுதான். தேவி ஒரே மூச்சில் படித்தாள். யாரும் கேள்வி கேட்கவில்லை, மதிப்பெண் போடவில்லை; ஒருவர் தாமாகவே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அவளுக்கு அது பேராச்சரியமாக இருந்தது. அதுவரை அவள் எழுதிய எல்லாமே யாரோ கேட்டதற்கான பதில்தான்.

அந்தப் பெஞ்சிலேயே ஃபோனில் ஒரு வலைப்பதிவைத் தொடங்கினாள். 'தின்தலா' என்று பெயர் வைத்தாள். மூன்றாம் தளம் என்று அர்த்தம்; அவர்கள் வீடு இருக்கும் தளம். பெங்காலியில் எழுதினாள். அதுதான் கையில் வந்தது என்பது ஒரு காரணம். வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது என்பது இன்னொரு காரணம். அதைத் தனக்குள்கூட உரக்கச் சொல்லிக்கொள்ளவில்லை.

முதலில் மாடிப்படிகளைப் பற்றி எழுதினாள். எந்தத் தளத்தில் எந்த வாசனை, யார் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும், யார் வீட்டில் டிவி சத்தம் மட்டும்தான் வெளியே வரும் என்று. அப்புறம் அப்பா செய்தித்தாளை மடிக்கும் விதம். அப்புறம் அம்மா. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கொட்டினாள். ஐ.ஏ.எஸ். ஆகும் எண்ணமே தனக்கு இல்லை என்பதையும், வகுப்புக்குப் போகாமல் இங்கே உட்கார்ந்திருப்பதையும் எழுதினாள். அப்பாவின் கனவைப் பற்றி, 'பாபார் ஷொப்னே ஆமி ஆட்கே ஆச்சி' என்று ஒரு வரி வந்தது. அதை எழுதியதும் விரல் நின்றது. அழிக்கவில்லை. அம்மாவைப் பற்றியும் அதில் ஒரு வரி இருந்தது: அம்மாவுக்கு ஆசை என்று எதுவும் இல்லை, அதனால் அவளை யாரும் அடைக்க முடியாது.

ஸ்னேகா அதைப் பகிர்ந்தாள். அவள் தோழிகள் பகிர்ந்தார்கள். முகம் தெரியாதவர்கள் வந்து, என் வீட்டிலும் இதேதான் என்று எழுதினார்கள். தேவி சாப்பிடும்போதும் ஃபோனைப் பார்த்தாள். நெஞ்சுக்குள் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. அந்தக் காற்று சில நாள்தான் வீசியது.

கீழ்வீட்டுப் பெங்காலி அம்மாளை தேவி சித்தி முறை வைத்து காக்கிமா என்றுதான் கூப்பிடுவாள். அவர் கண்ணிலும் அந்தப் பதிவு பட்டிருக்கிறது. மாடிப்படி வர்ணனையைப் பார்த்ததும் இது நம்ம கட்டடம்தான் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. நல்ல மனசு. ஒரு சனிக்கிழமை மாலை, பையோடு படியேறி வந்த பரமசிவத்தை நிறுத்தி, "உங்க பொண்ணு எவ்வளவு அழகா எழுதறா! படிச்சுட்டு அழுதுட்டேன். அவ சொல்றதைக் கேளுங்க" என்றார். பரமசிவத்துக்கு முதல் வாக்கியமே போதுமாக இருந்தது. மீதியை அவர் காதில் வாங்கவில்லை.

மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்ததும் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். தேவி அப்போதுதான் 'வகுப்பு' முடிந்து வந்திருந்தாள்.

"என்னமோ எழுதியிருக்கியாமே? கீழ்வீட்டு அம்மா சொன்னாங்க. வாசி, கேப்போம்."

தேவி ஃபோனை மறுபக்கம் திருப்பி வைத்தாள். "அது பெங்காலில இருக்குப்பா."

"எழுத்துப் பெங்காலி எனக்கு ஓடாதும்மா. நீ வாசிச்சுத் தமிழ்ல சொல்லு. ராஜம், நீயும் வா."

ராஜம் முறத்தில் பச்சைப் பட்டாணியோடு வந்து தரையில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள்.

தேவி ஃபோனைத் திறந்தாள். திரையில் அவளுடைய வரிகள் வரிசையாக நின்றன. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது என்று தெரிந்தது. வாயைத் திறந்தாள். வேறு கதை வந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகிற வழியில் பாலிகஞ்ச் ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம், ஒரு தகரப்பெட்டியோடு இந்த ஊருக்கு ரயிலில் வந்து இறங்கிய அப்பாவை நினைத்துக்கொள்வேன்; மொழி தெரியாத ஊரில் அவர் எப்படி முதல் நாள் சாப்பிட்டிருப்பார் என்று யோசிப்பேன்; அதை யோசித்தால் என் பாடம் சுலபமாகத் தோன்றும். கண் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. வாய் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. இடையிடையே வார்த்தைக்குத் திணறுவதுபோல் நிறுத்தவும் செய்தாள். அது நடிப்பா, நிஜமான திணறலா என்று அவளுக்கே தெரியவில்லை.

முடித்தபோது பரமசிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முதல் நாள் நான் சாப்பிடவே இல்லம்மா" என்றார். "வாழைப்பழம்னு கேக்கத் தெரியல."

ராஜம் முறத்தோடு எழுந்தாள். உரித்த பட்டாணியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தேவி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். அப்பாவைப் பற்றிச் சொன்னது பொய் என்றாலும், அதில் நிஜமான பாசமும் கலந்துதான் இருந்தது. அதனாலேயே இன்னும் கேவலமாக இருந்தது. வெளியே அப்பாவின் குரல் கேட்டது. "தேவி, அந்த லிங்க்கை எனக்கு அனுப்பும்மா. குடும்ப குரூப்ல போடுதேன்." வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை. பாளையங்கோட்டையில் யாருக்குப் பெங்காலி தெரியப்போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அனுப்பினாள்.

பாளையங்கோட்டையில் யாருக்கும் பெங்காலி தெரியாதுதான். ஃபோனுக்குத் தெரிந்திருந்தது. பரமசிவத்தின் அண்ணன் சிவலிங்கம் அந்த இணைப்பைத் தொட்டதும், தமிழில் காட்டவா என்று ஃபோனே கேட்டிருக்கிறது. காட்டு என்றார். அது காட்டியது. இயந்திரத் தமிழுக்கு நெளிவுசுளிவு தெரியாது. 'தந்தையின் கனவில் நான் அடைப்பு ஆகிவிட்டேன். தந்தை என்னைச் சிறைபிடித்துள்ளார். ஞாயிறு தோறும் நான் தப்பித்து ரயில் நிலையத்தில் வாழ்கிறேன்.'

சிவலிங்கம் வேலை நாள் என்றும் பார்க்காமல் வங்கிக்கே ஃபோன் போட்டார்.

"ஏலே பரமசிவம், பிள்ளைய வீட்டுல பூட்டியாடே வச்சிருக்க? அது ஸ்டேஷன்ல போய்க் கெடக்காமே?"

அன்று மாலை பரமசிவம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் தேவிக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ஃபோன் தமிழ்ல காட்டிச்சுன்னு அண்ணன் சொல்லுதாரு. நான் உன்னைப் பூட்டி வச்சிருக்கேனாம்மா?"

"அப்படி எழுதலப்பா. ஃபோன் தப்பாக் காட்டியிருக்கு."

"பின்ன எப்படி எழுதுன?"

தேவி அந்த வரியைச் சொன்னாள். "பாபார் ஷொப்னே ஆமி ஆட்கே ஆச்சி. அதாவது... உங்க சொப்பனத்துல நான்..." அவளுக்குத் தமிழில் அதற்குச் சொல் கிடைக்கவில்லை. மாட்டிக்கிட்டேன் என்றால் திருடன் மாட்டியது மாதிரி இருந்தது. சிக்கிட்டேன் என்றால் நூல் மாதிரி இருந்தது.

அடுப்படி வாசலில் இருந்து குரல் வந்தது.

"அடைபட்டுக் கெடக்கேன்னு எழுதியிருக்கா. யாரும் அடைச்சு வைக்கல. அதுவா அடைஞ்சுபோச்சாம்."

இருவரும் திரும்பினார்கள். ராஜம் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பரமசிவம்.

"வாசிச்சேன். கீழ்வீட்டு அம்மா போன வாரமே காட்டினாங்க."

"பெங்காலியா? உனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"இவ எல்.கே.ஜி. படிக்கும்போது வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க வீட்டுல வேற யாரு இருந்தா? ஒவ்வொரு எழுத்தா இவகூடவே நானும் படிச்சேன். இவ தூங்கின பொறவு தனியாவும் படிச்சேன். இப்ப கீழ்வீட்டுல பேப்பர் வாங்கித் தெனமும் வாசிக்கேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

பரமசிவம் நாற்காலியில் உட்கார்ந்தார். தேவிக்கு அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை தான் திரையைப் பார்த்துப் பார்த்து அளந்த கதை முழுவதையும், பட்டாணி உரித்தபடி அம்மா தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறாள்.

"அப்ப அன்னைக்கு எனக்கு வாசிச்சுக் காட்டினது?" என்றார் அப்பா. மகளைப் பார்க்காமல்தான் கேட்டார்.

"அது அதுல இல்லப்பா. நானாச் சொன்னது."

"தகரப்பெட்டி?"

"நானாச் சொன்னது."

"வகுப்புக்குப் போகலயா?"

"போகல. எனக்கு ஐ.ஏ.எஸ். வேண்டாம்ப்பா. முதல்லயே சொல்லியிருக்கணும்."

சொல்லிவிட்டாள். ஏதோ பெரிதாக விடுபடும் என்று பல மாதங்களாக நினைத்திருந்த வார்த்தைகள். அப்படி ஒன்றும் விடுபடவில்லை. அப்பா குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் மெதுவாக வேலை செய்தன.

"ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்றார். "பெட்டியப் பத்தி."

அப்புறம் முடிவு சொல்கிற குரலில் பேசினார். "சரி. கோச்சிங் வேண்டாம். டிகிரிய முடி. அடுத்த வருஷம் நான் ரிட்டையர் ஆயிடுவேன். எல்லாரும் ஊருக்கே போயிடுவோம். அங்க பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கலாம்."

தேவி அப்பாவையே பார்த்தாள். ஒரு கதவைத் திறந்தோம் என்று நினைத்தால், வீட்டையே தூக்கிக்கொண்டு போகிறார்களே! கோடை விடுமுறைக்கு மட்டும் போன ஊர். கடைப் பலகையைக்கூட வேகமாகப் படிக்க முடியாத ஊர். அப்பாவுக்கு அது திரும்பிப் போவது. அவளுக்கு அது எங்கே போவது?

"நான் வரல" என்றது ஒரு குரல். அது தன் குரல் என்றுதான் தேவி முதலில் நினைத்தாள். அம்மாவின் குரல்.

"என்ன ராஜம்?"

"எனக்கு இங்க இருக்கணும். இந்த வீட்டுல." ராஜம் தேவியின் பக்கம் திரும்பினாள். "ஏளா, நீ எழுதினது எல்லாம் சரிதான். என்னையப் பத்தி எழுதியிருக்க பாரு, அது தப்பு. எனக்கு ஆசையே இல்லைன்னு யாரு உங்கிட்டச் சொன்னா?"

யார் எழுதினார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று ஊர்ச் சுவரொட்டியை எல்லாம் கேட்ட தேவி, ஒரே சமையலறையில் தினமும் பார்க்கும் ஆளிடம் அதைக் கேட்டதில்லை.

"அந்த வரிய எடுத்திருதேம்மா."

"எடுத்திரு. அதுக்குப் பதிலா ஒண்ணும் எழுதாத. என் ஆசையெல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டாம்."

அன்று ராஜம் சோறு வைத்தாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். அடுத்தடுத்த வாரங்களில் வீட்டில் எதுவும் உடையவும் இல்லை, சரியாகவும் இல்லை. பரமசிவம் தேவியிடம் தேவையானதை மட்டும் பேசினார். பாளையங்கோட்டைப் பேச்சு வந்தால் ராஜம் எழுந்து போய்விடுவாள். அவர் பாதியில் நிறுத்திவிடுவார். முடிவு எடுக்கப்படாமலேயே அந்த விஷயம் கூடத்தில் இன்னொரு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. முத்துக்குமார் பெங்களூரிலிருந்து ஃபோன் செய்து, "உனக்கு எழுதறதுக்கு வேற விஷயமே கெடைக்கலையா?" என்று கடிந்துகொண்டான்.

தின்தலா இருந்தது. ஆனால் அது பழைய இடமாக இல்லை. தேவி ஒரு வரி எழுதினால், அது இயந்திரத் தமிழில் எப்படி விழும் என்று மனசு கணக்குப் போட்டது. பெரியப்பா எப்படிப் படிப்பார், அண்ணன் என்ன சொல்வான், அம்மா எந்த இடத்தில் முகம் சுளிப்பாள்? ஏரிக்கரைப் பறவைகளைப் பற்றி எழுதினாள். குளிர்கால வெயிலைப் பற்றி எழுதினாள். "என்ன ஆச்சு உனக்கு? வானிலை அறிக்கை மாதிரி இருக்கு" என்றாள் ஸ்னேகா. தேவி சிரித்து மழுப்பினாள். அன்றிரவு போட்ட பதிவை மறுநாள் எடுத்துவிட்டாள். எழுதாமலும் இருக்க முடியவில்லை. அப்பா சாப்பிடாமல் கழித்த அந்த முதல் நாளை எழுத வேண்டும் என்று கை துறுதுறுத்தது. அவரிடம் கேட்காமல் எழுதக் கூடாது என்று தோன்றியது. கேட்கத் தைரியம் வரவில்லை. அவளுடைய ஃபோனில் அது தலைப்போடு மட்டும் நின்றது.

கோடையில் டிகிரி முடிவு வந்தது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ.வுக்கு இடமும் கிடைத்தது. அதைக் கூடத்தில் வைத்துச் சொன்னாள். ராஜம், "சரி" என்று கன்னத்தைத் தடவினாள். பரமசிவம் சேர வேண்டிய தேதியைக் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சிவலிங்கத்தின் ஃபோன் வந்தது. பரமசிவம் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"தேவி என்ன பண்ணுதா?"

"எம்.ஏ. சேர்ந்திருக்கா. ஹிஸ்டரி."

"எம்.ஏ.வா? சரி. படிச்சுட்டு?"

பரமசிவம் வாயெடுத்தார். வழக்கமான வாக்கியம் நாக்குநுனி வரை வந்ததை தேவி பார்த்தாள். அவர் அதைச் சொல்லவில்லை. ஃபோனைச் சற்று அவள் பக்கம் நகர்த்தினார். நீயே சொல்லு என்பதுபோல.

ராஜம் மடித்துக்கொண்டிருந்த துணியோடு நின்றாள். தேவி ஃபோனைப் பார்த்தாள். கலெக்டர் என்று சொல்ல மாட்டாள்; வாத்தியார் என்றும் சொல்லத் தெரியவில்லை; எழுதப்போகிறேன் என்று பெரியப்பாவிடம் சொன்னால் அந்த வார்த்தை அங்கே போய் என்னவாக விழுமோ!

"தெரியல பெரியப்பா" என்றாள்.

"தெரியலையா? என்னம்மா இது?"

"தெரியல பெரியப்பா. இப்பதான் சேர்ந்திருக்கேன்."

எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது. "சரி, நல்லாப் படி" என்று வைத்துவிட்டார். பரமசிவம் ஃபோனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மகளைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை, பாராட்டவும் இல்லை. எழுந்து பால்கனிக்குப் போய், கீழே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.